வீடியோவில் பார்த்த என் பாடம்

1. கல்யாண கெமரா

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கல்வியியல் கல்லூரி மாணவன். மலையகத்தில், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கற்பித்தல் பயிற்சி. அதில் தேறினால்தான் நியமனம். கூடவே, வகுப்பறையில் புதிய தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஒரு செயற்றிட்டமும் செய்து காட்ட வேண்டும். மற்றவர்கள் ரேடியோ, டேப் ரெக்கோடர் என்று போனார்கள். எனக்கு அதெல்லாம் அற்பமாகப் பட்டது. ஆசிரியர் தன் பாடத்தை வீடியோவில் எடுத்து, தானே பார்த்துத் திருந்தலாம் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் விரிவுரையாளர் மெடம் யாழ்ப்பாணத்துக்காரர். லேசில் யாரையும் மெச்சமாட்டார். "நல்ல யோசினை, செய்யும்" என்று அந்த மெடமே சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பசறையில் கல்யாண வீடியோ எடுக்கும் செல்வம் அண்ணனைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னா தம்பி, புள்ளைங்க பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கு? கொஞ்சம் கலகலன்னு இருந்தாத்தானே படம் எடுபடும்!"

உடனே எனக்கு மூளை வேலை செய்தது. வேண்டாத நேரத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். பிள்ளைகள் பக்கம் திரும்பினேன்.

"இங்க பாருங்க, கெமரா ஓடுறப்ப சேர் கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். விடை தெரிஞ்சவங்க சோத்துக்கைய தூக்குங்க. தெரியாதவங்க எடது கைய தூக்குங்க. நான் சோத்துக்கை தூக்குனவங்களத்தான் கேப்பேன். பயப்பட வேணாம்."

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள். பாடம் பின்னம். ஒரு ரொட்டியை வெட்டிக் காட்டி, அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். வகுப்பு முழுக்கக் கை! வலது கைகளாகப் பார்த்துக் கேட்டேன். பட்டுப் பட்டென்று பதில் வந்தது. "வெரிகுட், வெரிகுட்" என்று சொல்லியே எனக்குத் தொண்டை காய்ந்துவிட்டது.

2. இடது கை

கல்லூரி மண்டபத்தில் டிவியும் வீடியோ டெக்கும் வைத்து எல்லோருமாகப் பார்த்தோம். செல்வம் அண்ணன் தொழில் பழக்கத்தில் நாதஸ்வர இசையோடு தொடங்கி, என் முகத்தைச் சுற்றி ஓர் இதய வடிவமும் போட்டிருந்தார். "மச்சான், பொண்ணு எங்கடா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். மெடமும் சிரித்துவிட்டார்.

பிறகு பாடம் வந்தது. எந்தக் கை உயரமாக நிற்கிறதோ அங்கே கெமராவைத் திருப்பியிருந்தார் செல்வம் அண்ணன். அது கடைசி வாங்குப் பலகையில் இருந்த சுகந்தியின் கை. திரும்பத் திரும்ப அவள்தான் வந்தாள்.

"நிப்பாட்டும்" என்றார் மெடம். "இந்தப் பிள்ளை ஏன் எப்பவும் இடது கையையே தூக்குறா? இடக்கைப் பழக்கமோ?"

ஆமாம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் சற்று முன்னர்தான் அவள் வலது கையால் எழுதுவதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். விஷயம் புரிந்த நண்பர்கள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நடந்ததைச் சொன்னேன்.

மெடம் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. "முதல்ல இருந்து போடும். சத்தம் வேண்டாம்" என்றார்.

சத்தமில்லாமல் பார்த்தோம். இடது கை தூக்கிய மற்றப் பிள்ளைகள் வெட்கத்தில் அரைகுறையாகத் தூக்கியிருந்தார்கள். சுகந்தி மட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் வாங்கிலிருந்து எழும்பி எழும்பி, காதோடு ஒட்டக் கையை நீட்டியிருந்தாள். நான் அவளைப் பார்க்கிறேன். நன்றாகவே பார்க்கிறேன். பார்த்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போகிறேன். சத்தமில்லாததால் என் வாய் மட்டும் "வெரிகுட்" என்று அசைந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"தம்பி, விளங்கேல்லை, விளங்கேல்லை எண்டு அந்தப் பிள்ளை பாடம் முழுக்க உமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறா. நீர் சிரிச்சுக்கொண்டு நிக்கிறீர்" என்றார் மெடம். "உம்மட செயற்றிட்டம் திறம். வீடியோ உம்மை வடிவாக் காட்டிப்போட்டுது. பாடத்துக்கு நான் புள்ளி போடேலாது. திரும்பப் போய்ப் படிப்பியும்."

மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மானம் கப்பலேறுவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன்: பஸ்ஸில் பசறைக்குத் திரும்பியபோது என் நியமனம் போய்விடுமோ என்றுதான் கவலைப்பட்டேன். சுகந்தியைப் பற்றி அல்ல. அந்த வெட்கம் மறுநாள்தான் வந்தது.

3. மறுநாள்

அதே ரொட்டி, அதே பின்னம். இந்த முறை நிதானமாகச் சொல்லிக் கொடுத்தேன். கடைசியில், "விளங்காதவங்க கை தூக்குங்க. எந்தக் கைன்னாலும் பரவாயில்ல" என்றேன்.

ஒரு கையும் எழவில்லை. சுகந்தி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"சுகந்தி, ஒனக்கு விளங்கிருச்சா?"

"இல்ல சேர்."

"அப்ப ஏன் கை தூக்கல?"

என்னைக் குறை சொல்லும் எண்ணமே அவளுக்கு இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"இன்னைக்கு கெமரா வரலியே சேர்."

ரொட்டியை எடுத்துக்கொண்டு அவள் வாங்கிலேயே உட்கார்ந்தேன். அவளுக்குப் பின்னம் விளங்குவதற்கு அந்த வாரம் முழுவதும் ஆனது. எனக்கும் புள்ளி கிடைத்தது, நியமனமும் கிடைத்தது.

இளைய ஆசிரியர்கள் வகுப்பை வீடியோ எடுக்கலாமா என்று என்னிடம் கேட்கும்போது, தாராளமாக எடுங்கள் என்பேன். பிள்ளைகளுக்கு மட்டும் முன்கூட்டியே எதையும் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். நான் சொல்லிக் கொடுத்ததை ஒரு பிள்ளை நம்பிவிட்டாள்.