அக்கா அழித்த வரி

எங்கள் ஆபீஸ் அக்கா கேள்வி கேட்பார்; பதிலுக்கு நிற்க மாட்டார். "சாப்பிட்டியா தம்பி?" என்பார். நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று மேசை தாண்டியிருப்பார். முழுதாகக் குடித்து முடித்த டீ கோப்பையை அவர் மேசையில் நான் பார்த்ததே இல்லை. வீட்டிலும் இதே கதைதான் என்று அவர் கணவரே என்னிடம் புலம்பியிருக்கிறார்.

நரம்பில் மருந்து ஏற்றும் பம்புகளைச் செய்கிறது எங்கள் கம்பெனி. பம்புக்குள் இருக்கும் சிப்புக்குக் கட்டளை அனுப்பும் டிரைவர் நிரலை அக்கா எழுதுவார், நான் சோதிப்பேன். புது மாடலில், 'நிறுத்து' என்ற கட்டளை ஆயிரத்தில் ஒரு முறை காணாமல் போனது. மூன்று நாள் அக்கா கால் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தார். என்மேல் எரிந்து விழுந்தார். நானும் சும்மா இருக்கவில்லை, திருப்பிக் கத்தினேன். கடைசியில், என்னதான் நடக்கிறதென்று பார்க்க, இரண்டு கட்டளைகளுக்கு நடுவே திரையில் செய்தி காட்டும் ஒரு வரியைச் சேர்த்தார். கோளாறு மறைந்தது. வரியை எடுத்தால் திரும்பி வந்தது.

"முதல் கட்டளையை சிப்பு வாங்கி முடிக்கறதுக்குள்ள அடுத்ததைத் திணிக்கிறேன் தம்பி. இந்த வரி ஓடற நேரத்துல அது மூச்சு விட்டுக்குது."

அப்புறம் ஒழுங்கான வைத்தியம் செய்தார். ஒரு கட்டளையை எழுதியதும், முடிந்ததா என்று சிப்பைக் கேட்க வேண்டும். ஆமாம் என்ற பிறகுதான் அடுத்தது. பத்தாயிரம் முறை ஓட்டினேன், ஒன்றுகூடத் தவறவில்லை. "பார்ட்டி எப்போக்கா?" என்றேன்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பழைய மாடல்லயும் இப்படி ஒரு வரி இருந்துச்சு. தேவையில்லாத செய்தின்னு போன மாசம் நான்தான் அழிச்சேன்."

நூறே முறை ஓட்டிப் பார்த்துவிட்டு 'சரி' போட்டவன் நான்.

அந்த மாற்றத்தோடு வெளியே போன பழைய மாடல் பம்புகள் ஆறு, எல்லாம் ஒரே ஆஸ்பத்திரியில். "புகார் எதுவும் வரலியே, திங்கக்கிழமை பேசிக்கலாம்" என்று மேனேஜர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா வார்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டார்.

"சிஸ்டர், என் தப்பு. நிறுத்தற பட்டனை நம்பாதீங்க. குழாயைக் கையால மூடிட்டு வேற பம்ப் மாத்துங்க."

ஐந்து சும்மா கிடந்தன. ஆறாவது ஒரு குழந்தைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"மூடியாச்சா?"

காலடிச் சத்தம், கதவுச் சத்தம். அக்கா அசையவில்லை. நான்தான் நிற்க முடியாமல் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"மூடிட்டேங்க. வேற பம்பும் மாத்தியாச்சு. குழந்தை நல்லாருக்கு."

அக்கா போனை அணைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாப்பிட்டியா தம்பி?"

"இல்லக்கா" என்று நான் சொல்லும்போது அவர் அங்கேயேதான் நின்றிருந்தார்.