மாட்டுக்காக அவிழ்த்த குறுக்குக் கழி

"...இவனுங்க ஒண்ணும் உங்க மாமா மாதிரி ஏனோதானோன்னு கட்டல தம்பி, நல்லா இறுக்கித்தான் கட்டியிருக்கானுங்க. மாடு உள்ள வர்ற நேரத்துக்கு மட்டும் வாசல்ல இருக்குற குறுக்குக் கழிய அவுத்துட்டு, அப்புறமாக் கட்டிக்கிட்டாப் போச்சு" என்று அக்கா அலைபேசியில் முகம் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரும்பலூரில், பூச்சு மட்டும் பாக்கி நிற்கும் என் புது வீட்டு வாசலில் அவள். சிங்கப்பூரில், பதினான்கு மாடிக் கட்டடத்தின் அடியில், மதியச் சாப்பாட்டோடு நான். வைகாசி போனால் ஆனி, ஆடி இரண்டிலும் எங்கள் பக்கம் புதுவீடு புக மாட்டார்கள். முன்பக்கப் பூச்சு முடியாவிட்டாலும் பரவாயில்லை, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிவிடுவது என்று பேசி வைத்திருந்தோம். அக்கா அலைபேசியைத் திருப்பி, பூச்சுக்காகக் கட்டிய சாரத்தைக் காட்டினாள். நெட்டுக்கு நிற்கும் சவுக்குக் கழிகள், கயிற்றுக் கட்டு, வாசலை மறித்துப் பெருக்கல் குறி போட்டதுபோல் சாய்த்துக் கட்டிய இரண்டு கழிகள். சோற்றுப் பொட்டலத்தைக் கீழே வைத்தேன். "கொஞ்சம் இருங்க்கா" என்றேன்.

இங்கே சாரத்துக்கு ஒரு பச்சை அட்டை மாட்டுகிறார்கள். மேற்பார்வையாளர் ஒவ்வொரு இணைப்பையும் தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அட்டை தொங்கும். அட்டை இல்லாவிட்டால் முதலாளியே வந்தாலும் ஏற முடியாது. வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. "நம்மூர்ல மனுசனுக்கு ஒரு ரேஷன் கார்டு வாங்க ஆறு மாசம் அலையணும், இங்க இரும்புக் கம்பிக்கு கார்டு குடுக்குறாங்க பாரு" என்பான் வரதராஜன்பேட்டையிலிருந்து வந்த என் அறைக்கூட்டாளி. அவன் வாயைத் திறந்தாலே இப்படி ஏதாவது வந்து விழும். அதைக் கேட்கவே அவன் பக்கத்துக் கட்டிலைப் பிடித்தேன்.

வேலைக்குச் சேரும் முன் ஒரு வகுப்பு உண்டு. பாடம் எடுத்த சீனப் பெரியவர் நான்கு குச்சிகளை ஆணியால் சதுரமாகக் கோத்து, ஒரு விரலால் தள்ளினார். சதுரம் அப்படியே சாய்ந்து படுத்தது. மூலைக்கு மூலை ஒரு குச்சியைக் கோத்துவிட்டு மறுபடி தள்ளினார். அசையவில்லை. நான் அதுவரை படித்த புத்தகங்களெல்லாம் டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த காகிதங்கள்தான். ஆனாலும் அது அன்று எனக்குப் புரிந்துவிட்டது. நேராக நிற்கும் கழி பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் வரும் ஆட்டத்தைத் தாங்காது. காற்று, கலவைச் சட்டியை எட்டி வாங்கும் கையின் இழுப்பு, பலகையில் நடக்கும் நடை எல்லாம் பக்கவாட்டில்தான் வருகின்றன. மேலே எத்தனை இறுக்கிக் கட்டினாலும் அடித்தட்டில் அந்தச் சாய்வுக் கழி இல்லையென்றால் மொத்தமும் மடங்கிவிடும். அடித்தட்டில்தான் எல்லோருக்கும் வழியும் வேண்டியிருக்கிறது.

பெரியவர் அந்தச் சாய்வுக் குச்சியைத் தொட்டுக் கேட்டார்: "பிரேஸிங், வென் கேன் ரிமூவ்?" நான் எழுந்து, "வென் கவ் கம்மிங், சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்து, என் தோளில் தட்டி, "வெரி ஃபன்னி" என்றார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எப்போது அவிழ்க்கிறோம் என்று கேட்டதாக நினைத்து, மாடு வரும்போது என்று நடந்ததைச் சொன்னேன். அதை விளக்க என்னிடம் இங்கிலீஷ் இல்லை. தமிழிலும் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன், உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. அக்காவின் கணவர், என் மாமா, அங்கே கொத்தனார், நான் அவருக்குச் சித்தாள். மாமா கட்டு என்றால் கட்டுதான். "பொண்டாட்டி கோவத்தயே தாங்குறவன்டா நான், என் சாரம் காத்தத் தாங்காதா?" என்பார். அந்த வீட்டிலும் இதே கதை: வைகாசி முடியப்போகிறது, முன்பக்கம் பூச்சு பாக்கி. புதுமனை புகும் காலையில் மாமா இன்னும் வரவில்லை. மாடும் கன்றும் வாசலில் நிற்கின்றன. "தம்பி, குறுக்கால மறிச்சுக் கெடந்தா மாடு எப்படிப்பா உள்ள வரும்? நல்ல நேரம் போவுதுல்ல" என்றார் வீட்டின் சொந்தக்காரர். நான்தான் அவிழ்த்தேன். அவிழ்த்த கழிகளைச் சுவரோரம் சாத்தினேன். மாடு உள்ளே போய்க் கூடத்திலேயே சாணி போட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். விருந்து சாப்பிட்டேன், பாயசம் இரண்டு தரம் வாங்கினேன், திரும்பக் கட்ட மறந்தேன். சாரத்தின் நேர்க் கழிகளில் வாழை மரம் கட்டியிருந்தார்கள். அதன் இலைகள் வாசலில் கவிந்து, இல்லாத கழிகளை மறைத்துவிட்டன.

இரண்டாம் நாள் மாமா ஏறினார். காற்று கிளம்பியிருந்தது. இரண்டாவது சட்டிக் கலவையை நான் எட்டிக் கொடுத்தபோது சாரம் பக்கவாட்டில் மடிந்து சாய்ந்தது. அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மாமாவின் உயிர் போய்விட்டது. ஆனால் அவரைத் தூக்க ஓடுவதற்கு முன் நான் ஒன்று செய்தேன். சுவரோரம் சாத்தியிருந்த அந்த இரண்டு கழிகளையும் எடுத்து, சரிந்து கிடந்த கழிகளோடு கழியாகப் போட்டேன்.

"அவன் கட்டுன சாரந்தானே" என்றது ஊர். அவிழ்க்கச் சொன்னவரும் அதையே சொன்னார். ஒன்பது வருடமாக அக்காவும் அதையே சொல்கிறாள். குழம்பில் உப்புக் கூடினால்கூட, "அந்த மனுசன் கட்டுன சாரம் மாதிரி ஆச்சு என் சமையலு" என்பாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நான் இங்கே ஓடிவந்து, ஊரார் கட்டடங்களுக்குக் குறுக்குக் கம்பி பூட்டிக்கொண்டிருக்கிறேன். ஊரில் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களே, என்னைப் போல இங்கிருந்து கட்டுபவர்களே, பத்து நிமிடம்தானே என்று அந்தக் குறுக்குக் கழியை அவிழ்க்காதீர்கள். அவிழ்த்தவன் சொல்கிறேன்.

"இருன்னு சொல்லிட்டு எங்கடா போன?" என்றாள் அக்கா.

"அந்தக் கழிய அவுக்க வேணாங்க்கா."

"வெளிநாட்டுச் சட்டத்தயெல்லாம் இங்க கொண்டாராத. பத்து நிமிசந்தான்."

"அன்னிக்கும் பத்து நிமிசத்துக்குன்னுதான் அவுத்தேன். மாமா கட்டுனத."

அவளுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மாடு, வாழை மரம், நான் தூக்கிப் போட்ட கழிகள். சிக்னல் அறுந்துவிடாதா என்று இருந்தது. அறுந்துபோகவில்லை.

"அப்ப அவரு நல்லாத்தான் கட்டியிருந்தாரா?" என்றாள்.

"நல்லாத்தாங்க்கா கட்டியிருந்தாரு."

"ஒம்போது வருசமா நான் வஞ்சுக்கிட்டுக் கெடந்தனேடா அவர."

அவள் அழவில்லை. நான் வாங்கி அனுப்பிய அந்த அலைபேசியை ஜன்னல் கட்டையில் சாத்தி வைத்தாள். "மாட்டப் பின்வாசல் வழியா ஓட்டிக்கலாம், இதுல யாரும் கை வெக்காதீங்க" என்று கொத்தனாரிடம் சொல்வது கேட்டது. இங்கே வேலைக்கு மணி அடித்துவிட்டது, என்னைத் தேடுகிறார்கள். நானோ அந்த அலைபேசி வழியாக என் வீட்டு ஜன்னலிலிருந்து என் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா திரும்பி வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த என் வீட்டுச் சாவியை எடுத்து அலைபேசிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டையும் விட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.