முரோகாவின் அஜிசாய்த் திங்கட்கிழமைகள்

டோக்கனை நீட்டினால் முரோகா எண்ணைப் பார்க்க மாட்டார். என் தலையைத்தான் பார்ப்பார். "இந்தத் தடவை யாரு வெட்டினது, டோக்கன்காரம்மா? ஒரு காதோரம் ஒரு ஊரு, இன்னொரு காதோரம் வேற ஊராவுல்ல இருக்கு!" என்பார். "உங்க வாயைத் தைக்க ஊசி கொண்டு வர்றேன், இருங்க" என்பேன். அதன்பிறகே எண்ணைப் படித்துவிட்டு வரிசையில் போய் நிற்பார். அங்கேயும் முன்னால் நிற்பவரின் பிடரியைப் பார்த்து உச்சுக்கொட்டிக் கொண்டிருப்பார்.

ஓஃபுனா ரயில் நிலையத்துக்குப் பின்னால் அவருடைய முடிதிருத்தும் கடை இருக்கிறது. வயது அறுபத்தெட்டு. திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. ஜூன் மாதத்துத் திங்கள் ஒவ்வொன்றும் அவர் காமகுராவில், எங்கள் கோயிலில்தான். ஜூனில் கோயிலின் பின்மலை முழுக்க அஜிசாய் பூத்துவிடும், நீலமும் ஊதாவுமாகப் பந்து பந்தாக. ஒற்றையடிப் பாதை என்பதால் கூட்டத்தை எண் கொடுத்துத்தான் மேலே விட முடியும். எண் கொடுப்பதும், வேண்டுதலை எழுதிக் கயிற்றால் கட்டித் தொங்கவிடும் சின்ன மரப்பலகைகளை விற்பதும் என் வேலை.

மற்றவர்கள் பத்தடிக்கு ஒருமுறை நின்று பூவோடு படம் எடுத்துக்கொள்வார்கள். முரோகா ஏறும்போது ஒரு பூவைக்கூடப் பார்க்க மாட்டார். மூச்சிரைக்க நேரே உச்சிக்குப் போய், பலகைகள் தொங்கும் சட்டத்தின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, ஒவ்வொன்றாகப் படிப்பார். தேடியது கிடைத்துவிட்டால் இறங்கும்போது ஆமை நடைதான். ஒவ்வொரு கொத்துக்கும் குனிந்து முகம் கொடுத்துவிட்டு வருவார். கீழே என் கவுண்டருக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, உப்பிட்ட ஆலூபுகாராப் பழம் வைத்த சோற்று உருண்டையைப் பிரித்துக்கொண்டே, "இந்த வருஷம் நீலம் கொஞ்சம் தூக்கல்" என்று என்னிடம் அறிக்கை வாசிப்பார்.

அவர் தேடுவது மனைவி சுமியேயின் கையெழுத்தை. இருபத்தாறு வருடம் இருவருமாகத்தான் கடையை நடத்தினார்கள். வருகிறவர் கழுத்தில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டுவது அந்தம்மாள் வேலை. வெட்டி முடித்து அவிழ்ப்பது இவர் வேலை. ஒவ்வொரு ஜூனிலும், "காமகுராவுக்குப் போய் அஜிசாய் பார்த்துட்டு வரலாமா?" என்று அந்தம்மாள் கேட்பார். ரயிலில் பத்து நிமிடம்கூட இல்லை. "பூ எங்க ஓடிப் போகப்போகுது? அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு இவர் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விடுவார். இருபத்தாறு ஜூன் இப்படியே போனது. அடுத்த ஜூனில், 'என்னைத் தேட வேண்டாம்' என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டு அந்தம்மாள் போய்விட்டார். கையெழுத்துக்கான விவாகரத்துப் படிவம் தபாலில் வந்தது.

அந்த வாரத் திங்கட்கிழமை எங்கே போவதென்று தெரியாமல் முதன்முதலாக இங்கே வந்திருக்கிறார். சட்டத்தில் ஒரு பலகை: 'தனியாகத்தான் வந்தேன். அழகாக இருந்தது. சுமியே.' இதை அவர் என்னிடம் சொன்னது மூன்றாவது வருடம், சோற்று உருண்டையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பதினோரு வருடம், பதினோரு பலகை. முழங்கால் வலி என்று ஒரு வருடம், வளர்த்த பூனை செத்துவிட்டது என்று ஒரு வருடம். அந்தம்மாளைப் பற்றி இவருக்கு வந்த சேதி அவ்வளவுதான்.

"ஒரு போன் நம்பரைக் கண்டுபிடிக்க முடியாதா உங்களால?" என்று ஒருநாள் கடிந்துகொண்டேன்.

"தேடாதேன்னு எழுதிட்டுப் போயிருக்கா. நான் எங்க தேடுறேன்? பூப் பார்க்க வர்றேன்."

"ஆமாமா, பலகையில பூக்குது பாருங்க!"

போன வருடப் பலகையில் இப்படி இருந்தது: 'அறுவை சிகிச்சை முடிந்தது. அடுத்த வருடமும் இந்தப் பூவைப் பார்க்க வேண்டும்.' அன்று சோற்று உருண்டையைப் பிரிக்காமலே எடுத்துப் போனார். அதற்குப் பிறகு ஒரு வருடத்தை அந்த மனிதர் எப்படி ஓட்டினாரோ!

இந்த வருடம் பார்த்து நான் ஒரு காரியம் செய்தேன். யாரோ ஒரு பெண்ணின் வேண்டுதலை எவனோ படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டான் என்று கோயிலுக்குப் புகார் வந்தது. எழுத்தை மறைக்க ஆளுக்கொரு ஸ்டிக்கர் கொடுக்கலாமே என்று குருக்களிடம் யோசனை சொன்னவள் நான்தான். உட்கார்ந்து ஆயிரம் ஸ்டிக்கரை வெட்டி அடுக்கியவளும் நான்தான். முரோகாவின் நினைப்பு ஒரு விநாடிகூட வரவில்லை. என்னை என்ன சொல்ல!

முதல் திங்கள் மேலே போனவர் கால்மணி நேரத்தில் இறங்கிவிட்டார். "எல்லாத்துக்கும் வாயைப் பொத்திட்டீங்களே, டோக்கன்காரம்மா" என்றார். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"சாயங்காலம் எல்லாத்தையும் உரிச்சுப் பார்த்துட்டுத் திரும்ப ஒட்டிடுறேன்" என்றேன்.

"அடுத்தவங்க வேண்டுதலை உரிக்கிறதா? பாவம் வந்து சேரும்."

"இத்தனை வருஷமும் என்ன பண்ணினீங்களாம்?"

"அப்ப திறந்து கிடந்துச்சு. கண்ணுல பட்டுச்சு."

இரண்டாம் திங்களும் வந்தார், மூன்றாம் திங்களும் வந்தார். என் தலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பலகைகளெல்லாம் மூடிக் கிடக்க, அந்தம்மாள் வந்தாரா என்றே தெரியவில்லை. வரவில்லையென்றால், அந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு என்ன ஆயிற்று? ஜூன் முப்பதாம் தேதி பலகைகளையெல்லாம் இறக்கி, மந்திரம் ஓதி எரித்துவிடுவோம். ஒன்றுகூட மிச்சம் வைப்பதில்லை.

கடைசித் திங்கள் மழை கொட்டியது. கூட்டமே இல்லை. கவுண்டரை மூடிவிட்டு அவரோடு நானும் ஏறினேன். நனைந்த கயிறுகள் நெகிழ்ந்து நாலைந்து பலகைகள் கீழே விழுந்து கிடந்தன. எடுத்து மறுபடி கட்டினேன். ஒன்றும் செய்யாமல் நிற்க எனக்குத் தாங்கவில்லை.

"இது என்ன முடிச்சு? மாட்டைக் கட்டுற மாதிரி!" என்று பழைய முரோகா எட்டிப் பார்த்தார். "எங்க கடையில இப்படிக் கட்டினா ஆளு மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்துருவான். சுமியே கட்டுவா பாருங்க, ஒத்தைக் காது மாதிரி ஒரே ஒரு வளையம் மட்டும் வச்சு. அவ இடதுகைக்காரி, காது எதிர்ப்பக்கமா விழும். தொங்குற நுனியைப் புடிச்சு ஒரு இழுப்பு இழுத்தாப் போதும், பொலபொலன்னு..."

அவர் சட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் மேல்வரிசையிலிருந்து தொடங்கினார். நான் கீழ்வரிசையிலிருந்து. எழுத்தை விட்டுவிட்டு முடிச்சுகளைப் பார்த்தோம். இரட்டைக் காது, இரட்டைக் காது, வெறும் முடிச்சு, மறுபடி இரட்டைக் காது. மழை என் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வந்திருக்க வேண்டுமே, சாமி, வந்திருக்க வேண்டுமே என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டேன்.

மூன்றாவது வரிசையின் ஓரத்தில் அவர் நின்றுவிட்டார். ஒற்றைக் காது, எதிர்ப்பக்கமாக விழுந்திருந்தது. பலகையின் முகத்தில் நான் வெட்டிய ஸ்டிக்கர் கோணாமல் ஒட்டியிருந்தது.

"அவதான்" என்றார் முரோகா. "வந்துட்டுப் போயிருக்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "உரிச்சுப் பாருங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். வேண்டாம்னா அவுத்து வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க. யாரு கேட்கப்போறா?"

அவர் குடையைக் கீழே வைத்தார். கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். நாளுக்கு முப்பது தடவை, இருபத்தாறு வருடம் அவர் பிடித்து இழுத்த நுனி மழை சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இரண்டு விரலால் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தார். பிறகு நுனியை விட்டுவிட்டு, ஈரத்தில் நெகிழ்ந்திருந்த அந்த ஒற்றைக் காதைப் பிடித்து, முடிச்சை மெதுவாக இறுக்கினார்.