மூன்றில் ஒரு பங்கு

விடைத்தாள் கட்டைப் பிரித்தாலே எனக்கு இப்போதெல்லாம் அலுப்பாக இருக்கிறது. ஏழாம் வகுப்பு, நாற்பத்திரண்டு பிள்ளைகள், அத்தனை பேரும் 'சுருக்கி வரைக' எழுதித் தொலைத்திருக்கிறார்கள். கொடுத்த பத்தியை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். உவமையை நீக்கு, எடுத்துக்காட்டை நீக்கு, திரும்ப வரும் கருத்தை ஒருமுறை மட்டும் சொல், மையக்கருத்தை விட்டுவிடாதே. வருஷா வருஷம் நானும் இதையே சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளம் வாங்குகிறேனே, சொல்லித்தானே ஆக வேண்டும்! இந்தக் கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கிய பிள்ளை நான். வாங்கி என்ன செய்தேன் என்பது அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

அப்போது நாங்கள் துடியலூரில் இருந்தோம். அப்பா மில்லுக்குப் போவார். அம்மா வீட்டிலேயே ஓவர்லாக் மிஷின் போட்டு பனியன் தைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் தங்கை, என் சித்தி, கல்யாணம் ஆகும்வரை எங்களோடுதான் இருந்தாள். அவர்களைப் பெற்றவர்கள் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டதால் சித்திக்குப் பிறந்த வீடு என்றால் எங்கள் வீடுதான். என்னைத் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். பவானியில் கட்டிக்கொடுத்தார்கள்.

அங்கே போனில் பேசினால் மாமியார் பக்கத்தில் வந்து நின்றுகொள்வாராம். அதனால் சித்தி மெசேஜ்தான் அனுப்புவாள். எங்களுடையது பட்டன் போன், அதில் தமிழ் எழுத்து வராது. தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்புவாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, அப்பா எப்போதும் ஷிப்டில் இருப்பார். ஆகவே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான்தான் படித்துக் காட்ட வேண்டும். வீட்டில் எனக்கு அது பெரிய உத்தியோகம்.

எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் தானாகப் பையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட முடியாது. யாராவது போய் அழைத்து வர வேண்டும். முதல் ஆடிக்குக் கட்டாயம் அழைக்க வேண்டும். அதை அப்பா போய்ச் செய்துவிட்டார். மறுவருஷம் ஆனியில் ஒரு மெசேஜின் கடைசியில் சித்தி கேட்டிருந்தாள், இந்த ஆடிக்கும் அழைக்க வருவீர்களா என்று. படித்துக் காட்டினேன். அம்மா மிஷினை நிறுத்தவில்லை.

"போன வருசந்தான அழைச்சோம். புரட்டாசில பாக்கலாம்னு போடு கண்ணு."

போட்டுவிட்டேன்.

அந்த வாரம்தான் வகுப்பில் சுருக்கி வரைதல் நடந்தது. டீச்சர் என் தாளைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் சுருக்கினேன். செய்தித்தாளைச் சுருக்கினேன், பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுருக்கினேன், கடைசியில் சித்தியின் மெசேஜ்களையும் சுருக்க ஆரம்பித்தேன். அம்மா வேறு, "சுருக்கமாச் சொல்லு சாமி, தச்ச பீஸ் எடுக்கக் கம்பெனி வண்டி வந்துரும்" என்பாள். கேட்கவா வேண்டும்!

சித்தி நீளமாக எழுதுவாள். கஞ்சி வடிக்கும்போது கையில் கொட்டிவிட்டது, ஆஸ்பத்திரிக்கு யாரும் கூட்டிப்போகவில்லை. எல்லோரும் சாப்பிட்டு மீந்தால்தான் தனக்கு. இரண்டு வாரமாக அந்த வீட்டில் ஒருவரும் தன்னோடு பேசுவதில்லை. இதெல்லாம் எடுத்துக்காட்டு, நீக்கினேன். ஒவ்வொன்றின் முடிவிலும் 'ஆடிக்கு யாராச்சும் வாங்க' என்று இருக்கும். அது திரும்ப வரும் கருத்து, அம்மா பதிலும் சொல்லியாயிற்று. அதையும் நீக்கினேன்.

"சித்தி நல்லா இருக்காங்களாம். அங்க மழையாம்" என்பேன். அம்மா முகம் மலர்ந்துபோகும். பிறகு 'அம்மாட்ட எல்லாம் சொல்லிட்டேன் சித்தி' என்று பதில் தட்டிவிடுவேன். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே எனக்கு இல்லை.

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி தனியாக வந்து வாசலில் நின்றாள். தோளில் ஒரு பை. வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்து ஆறாத புண். அம்மா துணியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள்.

"என்ன அம்மணி, தனியா வந்துபோட்ட? கையில என்ன இது? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பமே!"

"எத்தன வாட்டிங்க்கா சொல்றது?" என்றாள் சித்தி. அழக்கூடத் தெம்பில்லாமல் இருந்தாள். "நாலு வாட்டி எழுதுனேன். அஞ்சாவது வாட்டி எழுத எனக்கே வெக்கமாப் போச்சு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப்போய்ப் போனை நீட்டினாள். ஒரு எழுத்து விடாமல் படி என்றாள். மெல்லிய குரலில் படித்தேன். கஞ்சி கொட்டியது, ஆடிக்கு யாராச்சும் வாங்க. மீந்த சோறு, ஆடிக்கு யாராச்சும் வாங்க. மூன்றாவதைப் படிக்கும்போது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். விழவில்லை.

வெளியே வந்ததும் சித்தி என்னைப் பார்த்தபடியே அம்மாவிடம் கேட்டாள், "பாப்பா படிச்சுக் காட்டலீங்களா?"

"அவ படிச்சுத்தான் காட்டுனா. நாந்தான் வேல மும்முரத்துல காதுல வாங்காம உட்டுப்போட்டேன்" என்றாள் அம்மா.

சித்தி புண் ஆறும்வரை எங்கள் வீட்டில் இருந்தாள். பவானிக்குத் திரும்பவே இல்லை. போத்தனூரில் ஒரு வேலை தேடிக்கொண்டு, லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. நல்லது கெட்டதுக்கு வருவாள், பொழுது சாயுமுன் கிளம்பிவிடுவாள். அம்மாவிடம் 'ஆமாங்க்கா', 'இல்லீங்க்கா' அவ்வளவுதான். ஆனால் எனக்குப் பரீட்சை என்றால் பேனா, பிறந்தநாள் என்றால் சுடிதார். இன்றைக்கும் எதற்கும் முதல் போன் எனக்குத்தான் வரும். சித்தியிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று அம்மாவிடம் பல தடவை கேட்டுவிட்டேன். "அவளுக்குன்னு இருக்கறது நீ ஒருத்தி. அதையும் எதுக்குக் கெடுக்கோணும்?" என்று வாயை அடைத்துவிடுகிறாள். எனக்கும் அதற்குமேல் மல்லுக்கட்டத் தெம்பில்லை.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? படிக்காமல் விட்டது நான்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மா தன் வாயாலேயே தன் தப்பு என்று சொன்னாளே, பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டேன். அப்படி நம்புவது வசதியாகவும் இருந்தது. சித்தி ஹாஸ்டலுக்குக் கிளம்பிப்போன அன்று எனக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே போய் மிஷினுக்கு எதிரில் நின்றேன்.

"நீ ஒழுங்காக் கேட்டிருந்தீன்னா சித்தி நம்மள உட்டுப் போயிருக்க மாட்டாங்கல்ல?"

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆமா கண்ணு. கேட்டிருக்கோணும்" என்றாள்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.