கூடைப்பந்துக்கு அர்த்தம் கேட்ட அப்பா

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம், எட்டாம் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் அப்பா மைதானத்துக்கு வந்தார். துறைமுகத்தில் கூடை கூடையாக நிலக்கரி சுமப்பவர். எவ்வளவு கழுவியும் போகாத கரி கண்ணோரங்களில் மை தீட்டியது போல நின்றது. அவர் மகள்தான் எங்கள் பள்ளியிலேயே குறி தப்பாமல் பந்து போடுகிறவள்.

"பாஸ்கட்னா கூடையாமே டீச்சரம்மா? நான் தூக்கறது போதாதா? இவளுக்கும் இன்னாத்துக்கு கூடை?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பயிற்சிக் கல்லூரியில் கேட்ட கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் பனிக்காலம். வெளியே ஆட முடியாத பையன்களுக்காக ஒரு வாத்தியார் கட்டடத்துக்குள்ளேயே ஆட ஒரு விளையாட்டை யோசித்தார். பந்து போட இரண்டு பெட்டி கேட்டார், கிடைத்தது பழக்கூடைகள். அவற்றையே உயரத்தில் ஆணியடித்து மாட்டினார்கள். ஆட்டத்துக்கு உங்கள் பெயரையே வைக்கலாம் என்று ஒரு பையன் சொன்னதற்கு அவர் சிரித்து மறுத்துவிட்டார். கூடை இருக்கிறது, பந்து இருக்கிறது, அதுவே பெயராகிவிட்டது.

"உள்ள வுழுந்த பந்த எப்டி எடுப்பாங்கோ?"

"ஏணி வெச்சு ஏறி எடுத்தாங்க. அப்புறம்தான் கூடையோட அடியை எடுத்துட்டாங்க."

அவர் வளையத்தை அண்ணாந்து பார்த்து லேசாகச் சிரித்தார். "அப்போ கனமே இருக்காது."

சம்மதித்துவிட்டார் என்று நினைத்தேன். அவரோ போகாமல் நின்றார். துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"நான் வந்தது வேற விஷயம் டீச்சரம்மா. இவ அம்மாவுக்கு நெஞ்சுல சீக்கு. ஆஸ்பத்திரில சேத்துக்கினாங்க. எப்ப வுடுவாங்கன்னு தெரியல. வூட்ல கைக்கொழந்த கீது. நாளைலேர்ந்து இவ இஸ்கூலுக்கு வரமாட்டா."

பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தான் கூடையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

தலைமையாசிரியையிடம் ஓடினேன். "ஸ்கூல் சம்பளத்தை வேணா தள்ளிடலாம். குழந்தையை யார் பாத்துப்பாங்க?" என்றார் அவர்.

அடுத்த வாரம் அவளே குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். நான் வாங்கிக்கொண்டேன். அவள் ஒரே ஒரு முறை பந்தைப் போட்டாள். அதற்குள் குழந்தை என் கையில் வீறிட்டது. பந்தை வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு, "வரேன் டீச்சர்" என்றாள்.

அவள் அம்மா வீடு திரும்பவில்லை. அவளும் பள்ளிக்கு வரவில்லை. அந்த வருஷப் பள்ளிப் போட்டிக்கு அவள் இடத்தில் வேறொருத்தியை நிறுத்தினேன்.