சுப்பராயலுவின் அழுகை

2024 மார்ச் 3, மங்கலம்பேட்டை, கோயில் திருவிழா: ரூ. 6,000
மார்ச் 17, கிள்ளை, காதுகுத்து: ரூ. 3,500
ஏப்ரல் 21, கடலூர் முதுநகர், திருமண வரவேற்பு: ரூ. 5,000

பிப்ரவரி 13 காலையில் நடிகர் சுப்பராயலு இறந்த செய்தி வந்தபோது, செம்மண்டலம் ஞானசேகரன் ஒத்துக்கொண்டிருந்த நிகழ்ச்சிகள் இவ்வளவுதான். மேடைகளில் அவருக்கு ‘ஜூனியர் சுப்பராயலு’ என்று பெயர். அதே நீள முகம், அதே சரிந்த இடது தோள். முகம் பெற்றவர்கள் கொடுத்தது. தோளை அவராகவே சரித்துக்கொண்டார். முப்பது வருடத்துக்கு மேலாக அந்த வேடத்தால்தான் வீட்டில் உலை கொதித்தது.

சுப்பராயலு சிதம்பரத்துக்காரர். நாடகத்தில் தொடங்கி சினிமாவுக்குப் போனவர். மறுநாள் உடலை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஞானசேகரன் வேடமில்லாமல், வெள்ளை வேட்டி சட்டையில், ரோஜா மாலையோடு பஸ் ஏறினார்.

தெற்கு வீதியில் திரும்பியதும் கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்று நின்றது. அதைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட்ட பிறகுதான் தெரிந்தது, அதில் சிரித்துக்கொண்டிருந்தது அவரே. ஏதோ மேடையில் எடுத்த படம். பேனர் அடித்தவர் இணையத்தில் தேடியதில் ஆள் மாறிவிட்டது. தோற்றம், மறைவு என்ற இரண்டு தேதிகளுக்கு நடுவில் அவர் முகம் இருந்தது.

பக்கத்தில் நின்ற ரசிகர் மன்றத்து இளவரசுவிடம் சொன்னார். அவன் பேனரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இத்தன ஜனம் கும்புட்டுட்டுப் போயிடுச்சிண்ணே. யாருக்கும் தெரியல. உங்களுக்கு மட்டும் என்னா?”

வரிசை நகர்ந்து கண்ணாடிப் பெட்டியருகே வந்ததும் அவருக்கு அழுகை முட்டியது. உதடு வலப்பக்கம் கோணியது. தலை பின்னால் சாய்ந்தது. மூச்சு விக்கி விக்கி நின்று, பிறகு உடைந்தது. சுப்பராயலு படங்களில் அழுவது அப்படித்தான். ஞானசேகரனுக்கு வேறு விதமாக அழ வரவில்லை.

பின்னால் யாரோ கைதட்டினார்கள். செல்போன்கள் உயர்ந்தன. அப்படியே உரித்து வைத்திருப்பதாக ஒருவர் மெச்சினார். சுப்பராயலுவின் மகள் வினோதினி எழுந்து வந்தார்.

“இங்க வேணாங்க. தயவுசெஞ்சி.”

மாலையைப் போட்டோமா, யார் கையிலாவது கொடுத்தோமா என்பது பிறகு எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி மாலதியிடம் கேட்டார்.

“எங்கப்பா செத்தப்ப நான் எப்டி அழுதேன்?”

மாலதி முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அப்பவும் இதேதாங்க.”

கிள்ளைக்காரர்கள் முதலில் போன் செய்தார்கள். பிள்ளைக்குக் காது குத்தும் வீட்டில் செத்தவர் முகம் எதற்கு என்று பெரியவர்கள் தடுக்கிறார்களாம். கல்யாண வீட்டாரும் அதையே சொன்னார்கள். மங்கலம்பேட்டை மட்டும் மிச்சம். மேடை நிகழ்ச்சிக் குழு நடத்தும் மைத்துனர் பாலகுமார் வழி சொன்னார்.

“வேஷம் வேணாம் மாமா. உங்க மூஞ்சியோடயே வாங்க, ரெண்டு ஜோக்கு சொல்லிட்டு எறங்கிடுங்க.”

போனார். மைக்கைப் பிடித்து, “வணக்கம், நான் ஞானசேகரன்” என்றார். வந்தது சுப்பராயலுவின் குரல். கூட்டம் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். விழாக் குழுவினர் மைக்கை அணைத்தார்கள்.

அதன் பிறகு அழைப்பே இல்லை. மூத்த நாடக நடிகர்களுக்கு ஒரு சங்கம் மாதாமாதம் உதவித்தொகை தருவதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தார். ஏற்று நடித்த பாத்திரங்களின் பெயர்களைக் கேட்டிருந்தார்கள். நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, ‘சுப்பராயலு’ என்று மட்டும் எழுதினார்.

விண்ணப்பதாரர் எந்தப் பாத்திரத்தையும் ஏற்று நடித்தவர் அல்லர் என்பதால் அவரை நடிகராகக் கருத இயலாது என்று பதில் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது 2024 ஜூன் 19, புதன்கிழமை.