மணிச்சத்தம் கேட்காத அறை

வியன்னா நகரத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஒட்டுசுட்டானில், பிறந்த குழந்தைகளை நிறுக்கும் தராசின் தட்டில். அரசாங்க மருத்துவமாதின் குவாட்டர்ஸ் விறாந்தையில் அந்தத் தராசு இருந்தது. தட்டில் ஒரு வழுவழுப்பான தாள் விரிந்து கிடந்தது. காற்றுக்குப் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு மரக்குழல். கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துப் பிள்ளையின் நெஞ்சடிப்பைக் கேட்கும் குழல். தாளின் ஒரு பக்கத்தில் நகரத்தின் வரைபடம், மறுபக்கத்தில் நான்கு ஹோட்டல்களின் படமும் விவரமும். "பிள்ளை, நீ யாழ்ப்பாணத்திலை படிச்சனி. இதிலை ஒண்டைத் தெரிஞ்செடுத்துத் தா," என்றார் அந்த அம்மா. அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் ஊரில் ஒருவரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் மிசி.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் விடுதியில் தங்கிப் படித்து முடித்து, ஆசிரியை நியமனம் வரும் வரும் என்று வீட்டில் காத்திருந்தேன். வாசிக்க ஒன்றும் கிடைக்காமல் சவர்க்கார உறையில் இருந்ததைக்கூட வாசித்துக்கொண்டிருந்த காலம். ஒட்டுசுட்டானில் வயலும் காடும் இருந்தன, காட்டிலிருந்து வயலுக்கு வரும் யானைகள் இருந்தன, புளியங்குளம் பக்கம் போகும் பஸ் இருந்தது. அந்த பஸ்ஸில் ஏறி எங்காவது போய்விட வேண்டும் என்று என் கால்கள் துடித்துக்கொண்டிருந்தன. அப்படிப்பட்டவளின் கையில் ஓர் ஐரோப்பிய நகரத்தின் வரைபடத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? அன்று மாலைக்குள் எனக்கு அங்கே எந்தத் தெருவால் போய் எந்தத் தெருவால் வரலாம் என்பது ஒட்டுசுட்டான் சந்தியைப்போலத் தெரிந்துவிட்டது.

பல நாடுகளின் மருத்துவமாதுகள் வியன்னாவில் கூடி, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளும் ஒரு பயிற்சி அது. கொழும்பிலிருந்து ஒருவரும் நாட்டுப்புறத்திலிருந்து ஒருவரும் போகலாம் என்று முடிவாகி, நாட்டுப்புறத்துக்கு எங்கள் மிசியைத் தெரிவு செய்திருந்தார்கள். செலவு அவர்களுடையது, எங்கே தங்குவது என்பதை மட்டும் வருகிறவர்களே சொல்ல வேண்டும். அடுத்த கப்பல் தபாலுக்குள் பதில் போகாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

ஹோட்டல்களின் பெயர்கள் என் வாய்க்கு வரவில்லை. அதனால் ஊரில் இடம் சொல்வதுபோல நானே பெயர் வைத்தேன். பேராலயத்துக்கு முன்னால் இருந்தது கோபுரத்தடி. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டேசனடி. நகரத்துக்குள் வளைந்து போகும் கால்வாயோரம் வாய்க்காலடி. நான்காவது, ஒரு ஒடுங்கிய தெருவுக்குள், முகப்பே இல்லாத ஒரு பழைய கட்டடம், அதற்குப் பின்தெரு. எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. கோபுரத்தடிதான். கதவைத் திறந்தால் பல நூற்றாண்டுக் கோபுரம், கல் பாவிய முற்றம், அரசர்கள் நடந்த தெரு. இவ்வளவு தூரம் போகிறவர் வேறு எங்கே தங்குவது?

ஊருக்கும் ஒரு கருத்து இருந்தது. விறாந்தையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். தபால் மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வரைபடத்தில் குனிந்தார்.

"இதிலை தந்திக் கந்தோர் எங்க கிடக்கு, பிள்ளை?"

காட்டினேன். ஸ்டேசனடிக்குப் பக்கத்தில் இருந்தது.

"அப்ப முடிஞ்சுது கதை. ஸ்டேசனடியைப் போடு. இஞ்சயிருந்து தந்தி அடிச்சால் அண்டைக்கே அவாவின்ரை கையிலை கிடைக்க வேணும்."

"தந்தி கிடைச்சு மிசி என்ன செய்யிறது, மாஸ்டர்? பிள்ளை குறுக்காய்க் கிடக்கெண்டு அடிச்சால், அவா வியன்னாவிலையிருந்து கை நீட்டித் திருப்புறதோ?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"பதில் அடிப்பா தானே! என்ன செய்யிறதெண்டு அதிலை எழுதுவா தானே!"

ஒருவரும் சிரிக்கவில்லை. தலையாட்டினார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது: மிசி எங்கே வசதியாக இருப்பார் என்று அங்கே யாரும் பார்க்கவில்லை, எங்கிருந்தால் அவரைக் கூப்பிட வசதி என்றுதான் பார்த்தார்கள். அது கெட்ட எண்ணமும் அல்ல. எங்கள் பக்கத்தில் மருத்துவமாதுக்கு வீடு பார்ப்பதே அப்படித்தான். வண்டி வந்து திரும்ப வசதியான சந்தி, தெருவைப் பார்த்த யன்னல், தட்டினால் கேட்கிற தூரத்தில் கட்டில். ஒட்டுசுட்டானில் சரிவந்த முறையை அப்படியே வியன்னாவுக்கும் போட்டுப் பார்த்தார்கள்.

ஆட்கள் கலைந்த பிறகு மிசி என்னைக் கேட்டார்: "நீ சொல்லுற கோபுரத்திலை மணி இருக்குமோ?"

"இருக்காமல்! உலகத்திலேயே பெரிய மணியள்ளை ஒண்டு!" நான் பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப அது வேண்டாம், பிள்ளை. மணிச்சத்தம் கேட்டால் நான் எழும்பிச் சீலை உடுத்திடுவன்."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவரைக் கூட்டிப் போக வருவது மாட்டுவண்டி. தூரத்தில் மணி கேட்கும்போதே அது எந்த வண்டி, எந்த வீடு, அந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்று அவர் எழுந்து கொண்டை போட்டுவிடுவார். பை கதவடியில் தயாராக நிற்கும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனால் அங்கேயும் ஒலிபெருக்கியில் அவரைக் கூப்பிடுவார்கள். பகலில் சாய்மனைக் கதிரையில் கண் அயர்ந்தாலும், ஒரு காலில் செருப்பு மாட்டியபடிதான் இருக்கும். அந்தச் செருப்பை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அதைப்பற்றி ஒரு தரமாவது யோசித்தேனா என்றால், இல்லை. பின்னாட்களில் வேலை நிமித்தம் வெளியூர்களில் அறை பதியும்போது, யன்னலால் என்ன தெரியும் என்று மற்றவர்கள் விசாரிப்பார்கள். நான் அந்த யன்னலால் என்ன சத்தம் வரும் என்று விசாரிப்பேன். அந்தப் பழக்கம் அன்று பிடித்தது.

அந்த வாரமே பேச்சு திசை மாறியது. எந்த ஹோட்டல் என்ற கேள்வி போய், மிசி போகத்தான் வேணுமோ என்ற கேள்வி வந்தது. மிசியை அனுப்ப வேண்டாம் என்று சங்கக்கடையில் ஒரு பெட்டிசம் எழுதி வைத்திருந்தார்கள். பெரிய டாக்குத்தருக்குப் போனால் அவர் பயணத்தை நிறுத்திவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் கையெழுத்து வைப்பதாகச் சொன்னவர்களில் என் அம்மாவும் ஒருவர். எங்கள் வீட்டில் அண்ணாவின் மனைவி, என் மச்சாள், பிள்ளை வயிற்றோடு இருந்தார், அதுவும் அதே மாதம்.

மச்சாளைப் பார்க்க மிசி ஒரு காலையில் வந்தார். குசினிக்குப் பக்கத்து அறையில் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "தலை கீழதான் கிடக்கு. குழப்படி இல்லாத பிள்ளை," என்றார்.

"அது இண்டைக்கு," என்றார் அம்மா. "நீங்கள் அங்க போனாப் பிறகு திரும்பினால்?"

"முல்லைத்தீவிலையிருந்து வாற மிசி பாப்பா, அக்கா."

"அந்தச் சின்னப் பெட்டையோ? அவள் இன்னும் கலியாணமே முடிக்கேல்லை."

"நானுந்தான் முடிக்கேல்லை. உங்கட கடைசி ரெண்டும் அதைக் கேட்டுப்போட்டே வெளியிலை வந்ததுகள்?"

மச்சாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "முகத்துக்கு நேரை சொல்லிப்போடுறன், மிசி. நான் பெட்டிசத்திலை கையெழுத்து வைக்கப்போறன்."

மிசி கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்கு வந்து பலகையில் இருந்தார். கோபிக்கப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"வையுங்கோ, அக்கா. ஆனால் நான் சொல்லுறதைக் கேட்டிட்டு வையுங்கோ. நான் அங்க படிக்கத்தான் போறன். புது முறையள் காட்டுவினமாம், எனக்கும் ஆசைதான். ஆனா உண்மையைச் சொன்னால், நான் நித்திரை கொள்ளப் போறன். இந்த ஊருக்கு வந்த நாளிலையிருந்து, ஒருத்தரும் கூப்பிடமாட்டினம் எண்டு தெரிஞ்சுகொண்டு நான் கண்ணை மூடினதில்லை. கூப்பிடாத நாளிலையும், கூப்பிடுவினம் எண்டுதான் படுத்துக் கிடக்கிறன். ஒருக்கா, ஒரேயொருக்கா, மற்ற மாதிரிப் படுத்துப் பாக்க வேணும்."

அடுப்பில் எரிந்துகொண்டிருந்த விறகை அம்மா வெளியே இழுத்தார். சோறு இன்னும் வெந்திருக்கவில்லை. கைக்குழந்தைகளோடு நித்திரையில்லாமல் கிடந்த தன்னுடைய வருடங்களை நினைத்தாரோ என்னவோ. அப்படி ஏதும் என்னிடம் பிறகும் சொன்னதில்லை. அன்று சொன்னது இதுதான்: "பிள்ளை, உந்தப் படத்தைக் கொண்டா."

கரி ஒட்டிய விரலால் அம்மா வியன்னாவைத் தொட்டார்.

"கோபுரத்தடி மணியடிக்கும். ஸ்டேசனடியிலை ரயில் கூவும். உது என்ன தண்ணி?"

"வாய்க்கால், அம்மா. சரியான வடிவான இடம். ரெண்டு பக்கமும் மரம், விளக்கு..." எனக்கு இரண்டாவது விருப்பம் அது.

"தண்ணிக்கரை எண்டால் தவளை கத்தும்."

வியன்னாவின் நடுவில் தவளை கத்தாது என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. ஆனால் கத்தாது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் படித்த பூமிசாஸ்திரத்தில் அது இருக்கவில்லை. மிசியும், "ஓம், அதெண்டால் சரிதான்," என்று தலையாட்டினார். வாய்க்காலடி அத்தோடு போயிற்று.

பின்தெருவின் விவரத்தை வாசித்துச் சொன்னேன். சுற்றிவர அறைகள், நடுவில் முற்றம், அறைகளின் யன்னல்கள் முற்றத்தைப் பார்த்தவை, டெலிபோன் கீழே காரியாலயத்தில் மட்டும்.

"றோட்டுக்கு ஆக எட்ட உள்ள அறை எது?"

"பின்பக்கம், மேல்மாடி."

"அதைக் கேட்டு எழுது. தபால் மாஸ்டருக்குச் சொல்லிப்போடாதை."

"கடிதம் அவரின்ரை கையாலைதானே அம்மா போக வேணும்?"

"முல்லைத்தீவிலை கொண்டுபோய்ப் போடு."

அப்படியே செய்தேன். என்னுடைய நல்ல ஆங்கிலத்தில், தெருவுக்குத் தூரமான, மணிச்சத்தம் கேட்காத அறை வேண்டும் என்று எழுதி, பஸ் ஏறிப்போய் முல்லைத்தீவில் போட்டேன். பழைய கோபுரத்தை விட்டுக்கொடுத்தது எனக்கு வலித்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைப்போல நான் அவ்வளவு கவனமாக எழுதியது வேறொன்றும் இல்லை. பெட்டிசம் சங்கக்கடையிலேயே படுத்துவிட்டது. அம்மா கையெழுத்து வைக்காததால் மற்றப் பெண்களும் வைக்கவில்லை. பெண்களின் கையெழுத்தில்லாமல் பிள்ளைப்பேற்றுப் பெட்டிசத்தை அனுப்ப ஆண்கள் வெட்கப்பட்டார்கள். மிசியைப் புளியங்குளத்தில் ரயிலேற்றிவிட்டு வந்தோம். மச்சாளுக்கு அந்தச் சின்னப் பெட்டையின் கையால் சுகமாகப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா அந்தப் புது மிசிக்கு முட்டைக்கோப்பி போட்டுக் கொடுத்தார்.

மிசி திரும்பி வந்த அன்று விறாந்தை நிறைய ஆட்கள். எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் எதிர்பார்த்து வந்திருந்தார்கள். தபால் மாஸ்டர் அதைக் கேட்டேவிட்டார்.

"எங்களை நினைச்சு அங்க நித்திரையே வந்திராது, என்ன மிசி?"

"இல்லை, மாஸ்டர். நல்ல நித்திரை. உங்களை ஒருத்தரையும் நான் நினைக்கேல்லை."

ஒருவருடைய முகமும் சரியில்லை. மிசி அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"போன அண்டு படுத்தனான், அடுத்த நாள் மத்தியானம் மட்டும் எழும்பேல்லை. ஹோட்டல்காரி செத்துப்போனனோ எண்டு பயந்து கதவைத் தட்டினவா."

"பிறகு?"

"பிறகென்ன. பாய்ஞ்சு எழும்பிக் கதவைத் திறந்து, 'எத்தினையாவது பிள்ளை?' எண்டு கேட்டன். தமிழிலை."

தபால் மாஸ்டர்தான் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஓயும்வரை அம்மா காத்திருந்தார். பிறகு எழுந்து குவாட்டர்ஸின் பின்பக்கம் போய் வளவைப் பார்த்துவிட்டு வந்து, "பின்னாலை ஒரு பத்தி இறக்குவம்," என்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மறு கிழமை காட்டிலிருந்து கம்பு வந்தது, கூரைக்குத் தென்னோலைக் கிடுகு வந்தது. பின்சுவரோடு சேர்த்து, தெருவுக்கு யன்னலே இல்லாத ஓர் அறை எழுந்தது. விறாந்தையில் பெண்கள் முறைவைத்து இருப்பதென்றும், வருகிறவரிடம் என்னென்ன கேட்க வேண்டும், எந்தப் பதில் வந்தால் உடனே எழுப்ப வேண்டும் என்பதை மிசி சொல்லித்தருவதென்றும் ஏற்பாடு. நானும் படித்தேன். ஆனால் என்னைவிட அம்மாதான் கெட்டி.

அம்மாவின் முறையன்று ஒரு பகல், இளவயதுக்காரன் ஒருவன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"மிசி எங்க?"

"படுத்திருக்கிறா. ஆருக்கு?"

"மனுசிக்கு. இப்பதான் நோத் தொடங்கினது."

"தலைப்பிள்ளையோ?"

"ஓம்."

"தண்ணி உடைஞ்சுதோ? இரத்தம் கண்டதோ?"

"இல்லை, இல்லை."

"பக்கத்திலை ஆர் நிக்கினம்?"

"மாமி."

"அப்ப இரு, தம்பி. தேத்தண்ணி குடி. ஒரு சின்ன நித்திரைக்கு நேரம் கிடக்கு."

அவன் வாங்குப் பலகையின் நுனியில் இருந்தான். கோப்பையைக் கையில் வாங்கியபோது, பின்னறையிலிருந்து ஒரு குறட்டை எழுந்து வந்தது. நிறைவான, நீளமான, எதற்கும் அவசரப்படாத குறட்டை. அவன் திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தான்.

அம்மா நிமிர்ந்து இருந்துகொண்டு, தான் பெற்ற பிள்ளை பாட்டுப் போட்டியில் பாடுவதைக் கேட்கிறவரைப்போலத் தலையை ஆட்டினார்.

"வியன்னாவிலை பழகினவா," என்றார் குரலைத் தாழ்த்தி.